அட்டையில் இரண்டு கைகள்

வெளியே கும்பலாக வந்தவர்கள் ஷட்டரைத் தடியால் இடிக்கிறார்கள். அச்சகத்துக்குள் மெஷின்காரர் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நாவலின் அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன: கிணற்றுக் கயிற்றைச் சேர்ந்து இழுக்கும் ஒரு கறுப்புக் கை, ஒரு வெள்ளைக் கை. "வெள்ளைக் கைய எடுன்னுதானே கத்துறாங்க? எடுத்துத் தொலைங்கண்ணே!" என்று பைண்டிங்காரி அழுகிறாள். அவர் பூதக்கண்ணாடியை அட்டைமேல் வைக்கிறார். "எதம்மா எடுக்கிறது? ரெண்டும் ஒரே டப்பாக் கறுப்பு மை. ஒண்ணுல புள்ளி நெருக்கம், இன்னொண்ணுல தள்ளித் தள்ளி." "இத வெளிய போய்ச் சொல்லுங்க, மாலை போடுவாங்க!" பூட்டு நெளிகிறது. தானாகவே அவர் கை, மெஷினை நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. "அச்சடிச்ச வரைக்கும் தூக்கிட்டுப் பின்கதவால ஓடு" என்கிறார். பொத்தானை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுகிறார். ஷட்டரின் அடியில் பகல் வெளிச்சம் ஒரு கோடாக நுழைந்து, விரலளவு அகலமாகி, முழங்கால் வரை ஏறுகிறது. அட்டைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன.