எட்டிப் பார்த்த கட்டுத்துணி

லாரி மோதிக் கிழிந்த ஒரு தொடையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு ஒன்று வேலையில் இருந்தது. கூட்டாளிகளோடு கைகோத்து வலை பின்னிக் காயத்தின் வாயை அடைப்பதுதான் அதன் பிழைப்பு. மேலே ஒரு கட்டுத்துணி அழுத்திக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த புதுச் சரக்கு அது.

வலை முக்கால்வாசி முடிந்த நேரத்தில் துணி தன் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தது. "என்னண்ணே, ரத்தம் நின்னுடுச்சா?"

துணியோடு வலையும் பிய்ந்து வந்தது. ரத்தம் பீறிட்டது.

"தூக்காதே தம்பி. அப்படியே அமுக்கிக்கிட்டு இரு," என்றது தட்டணு.

"எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினேன்னு ஆராய்ச்சிக்கூடத்துல கேப்பாங்கண்ணே. நான் பதில் சொல்ல வேணாமா?"

தட்டணு பெருமூச்சு விட்டு முதலிலிருந்து பின்னத் தொடங்கியது. துணி மறுபடியும் தூக்கிப் பார்த்தது. வலை மறுபடியும் பிய்ந்தது. திட்டக்கூடத் தெம்பில்லாமல், மிச்சமிருந்த கூட்டாளிகளைத் தட்டணு கூப்பிட்டது. வந்தவர்களையும் ரத்தம் அடித்துக்கொண்டு போனது.

கடைசியாகத் துணி எட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை.

"அண்ணே, நிறுத்திட்டேன்!" என்று துள்ளியது துணி.

தட்டணு திரும்பிப் பார்த்தது. கூட்டாளிகள் வரும் வழி காலியாகக் கிடந்தது. தூரத்தில் எப்போதும் கேட்கும் இதயத் துடிப்பும் கேட்கவில்லை.

"போய்ச் சொல்லிக்கோ தம்பி," என்று தட்டணு, பக்கத்துக் கூட்டாளியைப் பிடித்திருந்த கையை விட்டது.