ஆறு தாண்டிய பூனை

"அக்கரை டிவிசன்ல, கடைக்கு மேல உள்ள லயமா? ஐயையோ, பூனைய நான் அங்கதானே கொண்டுபோய் விட்டேன்!"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த நாகலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். மகள் தக்‌ஷிகாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். அவர்கள் எந்த லயத்துக்காரர்கள் என்பதை மனைவி தங்கம்மா அப்போதுதான் சொல்லியிருந்தாள்.

"விட்டது யாருன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? பேசாம இருங்க" என்றாள் தங்கம்மா.

"முதல் தடவ போனப்ப, அவசரத்துல சாக்கையும் அங்கயே போட்டுட்டு வந்துட்டேன் புள்ள."

"எந்தச் சாக்கு?"

"ஒட்டுப்பால் சாக்கு."

தங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்து, சாக்கில் போட்டு நிறுக்கக் கொடுப்பார்கள். சாக்கு மாறிவிடக் கூடாது என்று அவரவர் டிவிசன் பெயரையும் நம்பரையும் பெயின்ட்டால் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பது வழக்கம். நாகலிங்கத்தின் எழுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலே தெரியும்.

"ஏற்கெனவே வந்த ரெண்டு இடமும் தட்டிப்போச்சு. இதையும் பூனையால கெடுத்தீங்கன்னா, உங்களத்தான் சாக்குல கட்டுவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

மனுசனைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்லாக் காம்பரா வீடுகளுக்கும் மேலே ஒரே பரண். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் போதும், பூனைப் பட்டாளம் மொத்தமும் இறங்கிவிடும். அதில் வால் அறுந்த மஞ்சள் கடுவன் ஒன்று. விடிந்தால் வேலையை மேற்பார்க்க வந்தவர் மாதிரி வீடு வீடாக அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதால் அதற்குக் கங்காணி என்றே பெயர். அது படுப்பது நாகலிங்கத்தின் விறகுக்கட்டின் மேல் என்பதால், யார் வீட்டு மீன் காணாமல் போனாலும் ஏச்சு அவருக்குத்தான் விழுந்தது.

ஆறு தாண்டிவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் அவரும் கங்காணியைச் சாக்கில் கட்டி, தொங்குபாலத்தைக் கடந்து போய் விட்டுவிட்டு வந்தார். இரண்டாம் நாள் அது விறகுக்கட்டின் மேல் காலை நீட்டிப் படுத்திருந்தது. மறுபடி கொண்டுபோய் விட்டார். மறுபடி வந்தது. கடைசித் தடவை வந்தபோது ஒரு காதின் நுனியைக் காணவில்லை. எங்கேயோ கடிபட்டும் சனியன் வந்து சேர்ந்துவிட்டதே என்று அவருக்கு அழாத குறை.

தக்‌ஷிகா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர் அவள். எறும்பை மிதிக்கவும் பயப்படுகிறவள். முதல் தடவை ஓவென்று அழுதவள், இரண்டாம் தடவையிலிருந்து தானே சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தாள். "அதே லயத்துல விடுங்கப்பா. அங்க மீன் தல கெடைக்கும்" என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. மாப்பிள்ளை கிருஷாந்தும் அவன் அம்மா ரதியும் இறங்கினார்கள். கித்துல்கல ஆற்றில் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் படகு ஓட்டுகிற பையன். வாட்டசாட்டமாக இருந்தான். நல்ல மரியாதை. நாகலிங்கத்துக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதனாலேயே பயமும் கூடியது.

தக்‌ஷிகா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ரதி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் புடிச்சிருக்குண்ணே. ஒரு விசயம் மட்டும் கேக்கணும். யாரோ எங்க லயத்துல பூனையக் கொண்டாந்து கொட்டிட்டுப் போறாங்க. சாக்குக்குள்ள கெடந்து அது கத்துறத கேக்க ஏலாது. அனே, பாவம்! பெத்த மனசு உள்ளவங்க செய்யிற வேலையா இது?"

"எந்தப் படுபாவியோ தெரியலியே" என்றார் நாகலிங்கம்.

ரதி கைப்பையிலிருந்து மடித்த சாக்கை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இந்தப் படுபாவிதாண்ணே."

நம்பர் பளிச்சென்று தெரிந்தது. தங்கம்மா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். தக்‌ஷிகா குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. புள்ள அழுகிறாளே என்று நாகலிங்கம் பதறினார். எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு என்னோடதுதான் தங்கச்சி. பக்கத்து வீட்டு ஏச்சுத் தாங்க முடியாம செஞ்சுட்டேன். என் மேல உள்ள கோவத்த என் புள்ள மேல காட்டிடாதீங்க."

அந்த நேரம் பார்த்துக் கங்காணி பரணிலிருந்து குதித்தது. யார் மடியிலும் ஏறாத பூனை, நேராகப் போய்க் கிருஷாந்தின் மடியில் ஏறிப் படுத்தது. அவன் அதன் வெட்டுப்பட்ட காதைத் தடவிப் பார்த்தான்.

"டொக்டர் சொன்ன மாதிரியே புண் ஆறிடுச்சு தக்‌ஷி" என்றவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்த டொக்டர்? தக்‌ஷியா?" நாகலிங்கம் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அழவில்லை, சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"மிருக டொக்டர்ணே. இனிமே குட்டிங்க பெருகாம ஒப்பரேசன் செஞ்சு, அடையாளத்துக்குக் காது நுனிய வெட்டியிருக்கு. கூட்டிக்கிட்டுப் போனது இவங்க ரெண்டு பேருந்தான்" என்ற ரதி, சாக்கை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "நம்பரப் பாத்து வீட்டக் கண்டுபுடிச்சு, நீங்க விட விட இவன் படகுல ஏத்தியாந்து உங்க மக கையில குடுத்திருக்கான். பூனைக்கு வழி தெரியலண்ணே, எங்க பையனுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுபோச்சு!"