ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்?

வாய் பேச முடியாத மனுஷனிடம் தினமும் ஒருத்தி வம்புக்கு நிற்பாளா?

அம்மா நின்றாள்.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையும் காலும் முடங்கி, பேச்சும் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. கையும் காலும் மெல்லத் தேறி வந்தன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூ, பந்து, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளை நீட்டினால், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர். ஒரு பஸ் ஜனத்தையே அதட்டிப் பழகினவர். அவரைப் போய் "பந்து" சொல்லுங்கள் என்றால்?

"குரல் எங்கேயும் போயிடலை. பேசணும்னு அவருக்கே தோணணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

அவருக்குத் தோன்றவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லி ஜாடை காட்டுவார். அங்கிருந்து பார்த்தால் ஷெட்டில் நிற்கும் கார் தெரியும். ரிட்டயர் ஆனதும் ஆசைப்பட்டு வாங்கியது. கடைக்கும் பாங்க்குக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. இப்போது அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எப்போதாவது எடுத்து, தெருவை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்.

அம்மாவின் வம்பெல்லாம் அந்தக் காரைப் பற்றித்தான்.

காலையில் காபியைக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். ஆயில் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் நச்சரிப்பதாகவும், ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில் என்று தான் மறுத்துவிட்டதாகவும் ஆரம்பிப்பாள். அப்பாவின் முகம் சிவக்கும். இடது கையை வேக வேகமாக ஆட்டுவார்.

"கையை ஆட்டினா எனக்கு என்ன புரியும்? வேண்டாம்னுதானே சொல்றீங்க? நானும் அதைத்தான் அவன்கிட்டே சொன்னேன்."

அப்பா நாற்காலியின் கையில் ஓங்கி அடிப்பார். அம்மா நிதானமாக டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த மகள், சமையலறைக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பிரஷர் ஏறினால் என்ன ஆவது என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாயடிப்பது ஒரு வீரமா என்று கேட்டாள். கடைசியில், கேட்கக்கூடாததையும் கேட்டுவிட்டாள்.

"இத்தனை காலம் அவர் உன்னை அதட்டினதுக்கெல்லாம் இப்போ பழி தீர்த்துக்கறியா?"

அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தது.

அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போகப்போவதாக மகள் சொன்னாள். அம்மா மறுக்கவில்லை. இந்த வாரம் முடியட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள்.

பக்கத்து வீட்டுக்காரரும் புதுக் கார் வாங்கப்போகிறாராம். எப்போதாவதுதான் எடுப்பாராம். ஆயிலை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாராம்.

"கிலோமீட்டர் ஆனாத்தான் மாத்தணும், சும்மா நிக்கிற வண்டிக்கு அஞ்சு வருஷமானாலும் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரே அப்படித்தான் சொல்லுவார்னும் சொல்லிட்டேன்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. டம்ளரில் இருந்த காபி தளும்பியது. மகள் பதறி எழுந்தாள்.

"த... தப்பு."

மகள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா மட்டும் அசரவில்லை.

"என்ன தப்பு?"

"நான்... அப்படி... சொல்லலை."

"பின்னே எப்படி?"

"வருஷத்துக்கு... ஒரு தடவை. ஓடலைன்னாலும்... மாத்தணும்."

"ஓடவே இல்லையே. ஆயில் எப்படிக் கெடும்?"

"கெடும். கொஞ்ச தூரம் ஓட்டி... நிறுத்தினா... எஞ்சின் நல்லா சூடாகாது. உள்ளே ஈரம் நிக்கும். ஆயில்ல... கலந்துடும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பஸ் ஓட்டினவன் பொண்டாட்டிக்கு... இதுகூடத் தெரியலை."

மேடேறும் பஸ் மாதிரி திணறித் திணறித்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை.

மகள் அவர் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தடவினார். பார்வை மட்டும் இன்னும் அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தது.

"மெக்கானிக்குக்குப் போன் போடும்மா. இவளை நம்பினா... எஞ்சின் போயிடும்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்பா பேசிவிட்டார் என்று மெக்கானிக்கிடம் போனில் சொன்னாள். இன்றைக்கே வந்து ஆயில் மாற்றித் தரவேண்டும் என்றாள்.

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"ஆயில் போன மாசமே மாத்தியாச்சும்மா. அய்யா தூங்குற நேரமாப் பார்த்து உங்கம்மாதான் வண்டியை அனுப்பிவெச்சாங்க. வண்டி விஷயத்துல எதைத் தப்பாச் சொன்னா அய்யாவுக்குப் பொறுக்கவே பொறுக்காதுன்னு என்கிட்டேதான் கேட்டாங்க."

மகள் திரும்பி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அம்மா முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டு, ஸ்டூலை அப்பாவுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சரி, ஆயிலை விடுங்க. நிக்கிற வண்டிக்கு டயர்ல காத்து எதுக்கு?"