வானத்தின் முதுகுப்புறம்

கோளரங்கத்தின் குவிந்த திரைக்குப் பின்னால், ஏணியின் மேல்படியில் எலக்ட்ரீஷியன் ஒண்டிக்கொண்டு நிற்கிறார். அவர் ஸ்பீக்கரை மாட்டி முடிப்பதற்குள், ஆள் உள்ளே இருப்பதை மறந்து ஆபரேட்டர் காட்சியைத் தொடங்கிவிட்டான். திரை முழுக்க ஊசித்துளைகள். அவற்றின் வழியே கசியும் நீல வெளிச்சம் அவர் சட்டையில் பொட்டுப்பொட்டாக விழுகிறது. அந்தப் பக்கம் இருநூறு பேர் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கைநழுவிய திருகாணியைத் தேட அவர் டார்ச்சைப் போட்டு அங்குமிங்கும் அடிக்கிறார். “அம்மா, அங்க பாரு! அந்த நட்சத்திரம் மட்டும் ஓடுது!” என்கிறது ஒரு சிறுமியின் குரல். “சும்மா இருடி.” “இல்லம்மா, வானத்துக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க!” அரங்கமே சிரிக்கிறது.

அவர் டார்ச்சை அணைத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். ‘இருக்கேன் கண்ணு, ஸ்க்ரூடிரைவரோட இருக்கேன்’ என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. பிறகு, இத்தனை வருடமாக முதுகைச் சாய்த்துக்கொண்ட பின்சுவரை முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறார். பூசாத செங்கல். அதற்கு வெளியே வண்டி நிறுத்துமிடம்தான். அவருடைய சைக்கிளே அங்கேதான் நிற்கிறது. இருந்தாலும் விரல்முட்டியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்கிறார்.