பச்சை வளையம்

"ஏட்டி, உன் கையக் கொஞ்சம் தாரியா?" என்று ஜெசிந்தா அக்கா ஒருநாள் கேட்டாள். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்த சமயம் அது.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களின் மனம் கெட்டுவிடக் கூடாதென்று அக்காவின் கம்பெனி எல்லோருக்கும் ஒரு கைவளையம் அனுப்பியிருந்தது. மனம் நன்றாக இருந்தால் அது பச்சையாக ஒளிரும். சிவந்தால் உடனே ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வுக்குப் போன யாரையும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

அக்காவின் கையில் மஞ்சளாக இருந்த வளையம், என் கைக்கு வந்ததும் பச்சையானது.

"இவளுக்கு நெஞ்சு அடிக்கான்னே தெரியாது, பச்சைக்கு என்ன குறை!" என்று அம்மா சொல்ல, அக்காவும் சிரித்தாள்.

எதற்கும் கலங்காதவள் என்று கம்பெனி அக்காவைப் பாராட்டியது. ஓய்வுக்குப் போனவர்களின் வேலையையும் அவளிடமே கொடுத்தது. அக்கா சோற்றைத் தொடாமல் தட்டிலேயே காயவிட்டாள். அணைந்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீயே போட்டுக்கக்கா, அவங்களுக்குத் தெரியட்டும்."

"கழட்டுனே, கொன்னுருவேன்."

இன்று காலை மேலாளர் திரையில் வந்தார். "கங்கிராட்ஸ் ஜெசிந்தா! இந்த மாசமும் நம்ம டீம்லயே உங்க மனசுதான் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு."

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. என் கையிலிருந்த வளையம் முதன்முறையாகச் சிவந்தது.

"ஜெசிந்தா, என்னாச்சு? எங்ககிட்ட சொல்லுங்க," என்று மேலாளர் காலி நாற்காலியிடம் கேட்டார்.

"எங்கக்கா போற?" என்றேன் நான்.

அக்கா வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போனாள்.