மூன்றாவது ஓலை

"தெரேசா, காலஞ்சென்ற வியாகுலம் இவர்களின் மகன் சிறிலுக்கும், சவரிமுத்து, மார்கிரட் இவர்களின் மகள் டோரீனுக்கும் மூன்றாம் முறையாகத் திருமண ஓலை வாசிக்கப்படுகிறது," என்று கோயில் பூசையில் அறிவித்தார் பங்குச் சாமியார்.

மாப்பிள்ளை சிறிலின் கண் பெண்ணின் பக்கம் போகவே இல்லை. பாட்டுக்குழுவின் நடுவில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த கூட்டாளி பத்திநாதனையே முறைத்துக்கொண்டிருந்தது. எழுந்திருடா பாவி, எழுந்திருடா என்று உள்ளுக்குள் கத்தினான்.

சங்கதி இதுதான். இலங்கை மலையகத்து ராகலையில் கணக்கு வாத்தியாரான சிறிலுக்கு, இந்த எண்பத்தாறாம் வருடம் அமெரிக்காவில் தகவல் முறைமை மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர் படிப்பு என்றுதான் தேயிலைத் தோட்டத்தில் சொல்லி வைத்திருந்தான். அதையும் பாதிப் பேர் டெலிவிஷன் ரிப்பேர் என்றே எண்ணியிருந்தார்கள்.

அம்மா தெரேசா மட்டும் மசியவில்லை. மகனின் பாஸ்போட்டைத் தூக்கி, வீட்டுப் பீடத்தில் புனித அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"சும்மா அனுப்புனா வெள்ளக்காரிச்சியக் கூட்டிட்டு வந்து நிப்ப. தாலியக் கட்டிட்டு பிளேன் ஏறு. அதுவரைக்கும் அந்தோனியார் குடுக்க மாட்டாரு!"

சுரூபத்தை நகர்த்திப் பாஸ்போட்டை உருவச் சிறிலுக்குத் துணிச்சல் இல்லை. அந்தோனியார் மன்னித்தாலும் அம்மா மன்னிக்க மாட்டாள்.

பெண்ணும் சட்டென்று அமைந்துவிட்டது. டோரீன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள், கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல். வந்த வரன்களையெல்லாம் உதறித் தள்ளியவள், சிறில் என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அது தன் மீசைக்குக் கிடைத்த மரியாதை என்றே அவன் நினைத்துக்கொண்டான்.

குணமான பெண்ணும்கூட. போன வருடம் சிறில் அமெரிக்கப் படிப்புக்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதிய கையோடு, அவன் கேட்டுப் படித்த கேசட்டுகளைப் பூண்டுலோயாவில் இருக்கும் சித்தி மகனுக்கு என்று கேட்டு வாங்கிப் போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை, அது வேறு விஷயம்.

அவ்வளவு நல்ல பெண்ணைக் கட்டி இங்கே விட்டுவிட்டுப் போனால், அங்கே ஒரு சினிமாவுக்குப் போகக்கூட மனசு உறுத்துமே! சிறிலுக்கு அமெரிக்காவைத் தனிக்கட்டையாகச் சுற்ற வேண்டும். அதனால்தான் பத்திநாதனைப் பிடித்தான்.

மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பில் கடைசியான மூன்றாவது ஓலையில் பத்திநாதன் எழுந்து, "சிறில் நானுஓயாவுல இருக்க என் ஒண்ணுவிட்ட தங்கச்சிக்கு வாக்குக் குடுத்தவன்" என்று சொல்ல வேண்டும். சாமியார் விசாரிப்பார், கல்யாணம் தள்ளிப்போகும். வகுப்புத் தொடங்கும் நாள் நெருங்கினால் அம்மா தானே இறங்கி வருவாள். மகன் அமெரிக்கா போகிறான் என்று ராகலை டவுன் முழுக்கத் தம்பட்டம் அடித்தவளாயிற்றே! நானுஓயாவில் அப்படியொரு தங்கச்சியே கிடையாது என்று சாமியார் கண்டுபிடிப்பதற்குள் சிறில் பிளேனில் இருப்பான்.

"இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லலாம்." சாமியார் தலையை நிமிர்த்தினார்.

பத்திநாதன் எழுந்தேவிட்டான்! கோயிலே அவன் பக்கம் திரும்பியது. தெரேசா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன பத்திநாதன்? ஏதும் சொல்லணுமா?"

பத்திநாதன் வாயைத் திறந்தான். பாட்டுக்குழுவில் டோரீன் லேசாகத் தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணுமில்ல சாமி, காலு மரத்துப்போச்சு," என்றவன் அப்படியே உட்கார்ந்து ஹார்மோனியத்தை அமுக்கினான். டோரீன் நன்றிப் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். சிறிலைத் தவிர எல்லோரும் பாடினார்கள்.

பூசை முடிந்ததும், மணிக்கூண்டுக்குப் பின்னால் வைத்துப் பத்திநாதனின் சட்டையைப் பிடித்தான் சிறில்.

"துரோகி! என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா!"

"விடுடா சட்டைய! பாட்டுப் பழகுறப்ப வாய் தவறி டோரீன் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் ஒளறிட்டேன். அவங்க ஒரு சங்கதி சொன்னாங்க பாரு, அதோட நான் அவுட்டு. ஒன் மூஞ்சியப் பாத்து எந்திரிச்சேன், அவங்க மூஞ்சியப் பாத்து உக்காந்துட்டேன்."

"அப்பிடி என்னத்தடா சொன்னாங்க?"

"அத நானே சொல்லிர்றேங்க." பின்னால் டோரீன் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் குளிரிலும் சிறிலுக்கு வேர்த்துவிட்டது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "ஒங்க மேல ஒரு கொறையும் இல்லங்க. நான் பாட்டுக்கு அங்க போயிருவேன். நீங்க எங்கம்மாகிட்ட தனியா மாட்டிக்கிட்டுக் கஷ்டப்படணுமேன்னுதான்..."

"ரொம்பத்தான் எரக்கம் ஒங்களுக்கு." கைப்பையைத் திறந்து அந்தக் கேசட்டுகளை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இந்தாங்க. சித்தி மகன்னு யாரும் இல்ல, இதக் கேட்டுப் படிச்சுப் பரீட்ச எழுதுனது நான்தான். அதே யுனிவர்சிட்டி, அதே படிப்பு. எனக்கும் எடம் கெடச்சிருச்சு."

சிறில் வாயைப் பிளந்தான். "அப்ப நீங்க பாட்டுக்குப் போக வேண்டியதுதானே! எதுக்குங்க இந்தக் கல்யாணம்?"

டோரீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"எங்க வீட்டு அந்தோனியாரும் தாலி ஏறாம பாஸ்போட்டக் குடுக்க மாட்டேங்கிறாரே!"