மேனேஜர் கொடுத்த பாட்டில்

தொழிற்சாலையில் எல்லாருக்கும் யூரின் எடுத்து போதைப்பொருள் சோதனை என்று உத்தரவு போட்டவரே மேனேஜர்தான். "முதல் பாட்டில் என்னோடது!" என்று மைக்கில் முழங்கி, கைதட்டலும் வாங்கியிருந்தார்.

இன்று கம்பெனி டாக்டரின் அறையில், கதவைத் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர்."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு சார். பார்ட்டியில மூக்குல இழுப்பாங்களே, அந்தக் கெட்டமின் பவுடர். யூரின்ல ரத்தம் வேற. அதுல மூத்திரப்பை புண்ணாகியிருக்கும்."

"லேப்ல பாட்டில் மாறியிருக்கும்!"

"மாறல சார். முதல் பாட்டில் உங்களோடதுதானே?"

மேனேஜர் செல்போனை எடுத்து அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"வேலையை நினைச்சுப் பயப்படாதீங்க சார். நான் வெளியில மூச்சு விடமாட்டேன்."

"வேலை கெடக்கட்டும்! உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"இதோட நிறுத்தினா பிழைச்சீங்க. இல்லேன்னா கிட்னி ரெண்டும் கோவிந்தா. இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க."

மறுபடி அழுத்தினார். மறுபடி மணி மட்டும். சட்டென்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்புலன்ஸை எங்க வீட்டுக்கு அனுப்புங்க டாக்டர்!"

"வீட்டுக்கா? நீங்க இங்கதானே சார் இருக்கீங்க?"

"வாராவாரம் கொஞ்சம் கஞ்சா பிடிப்பேன் டாக்டர். மாட்டிக்கக் கூடாதேன்னு..." செல்போனை மறுபடி அழுத்தினார். "சுகர் பார்க்கணும்னு பொய் சொல்லி, ப்ளஸ் டூ படிக்கிற என் பொண்ணுகிட்டதான் அந்த யூரினை வாங்கிட்டு வந்தேன்."